கறையும் காவலும்

கல்லூரியின் விழாமலரிலே படையைப் பற்றியும் பொலிசைப் பற்றியும் எழுதுவது பொருந்துமோ என ஐயுறுவோர் இருக்கலாம். ஆயினும், ஒருவனுடைய கடந்தகாலத்தைக் காகிதத்தில் எழுதிக் கையொப்பமிடுங் கடமை ஆசிரியருக்கு உண்டு. கல்லூரியை விட்டு நீங்கும் மாணவனுக்கு நாம் வழங்கும் நன்னடத்தைப் பத்திரம், அவன் செல்லும் வாயில்தோறும் அவனுக்கு முன்னே சென்று நிற்கின்றது. அன்றியும், நம் பழைய மாணவர் பலர் இன்று பிரித்தானியா முதலிய நாடுகளிற் குடும்பமாய் வாழ்கின்றனர். அவர்தம் மக்களுக்கு அவ்வந் நாட்டுப் படைச்சேவையும் ஏனைய தொழில்களைப் போல ஒரு தொழிலே. ஆதலின், “இளமையில் ஒருமுறை குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவன் பின்னர் இராணுவப் பொலிசிலே சேரலாமா?” என்னும் வினா நமக்கு அயலானதொன்றன்று. படையில் மட்டுமன்றி, பிறர்மீது அதிகாரஞ் செலுத்தும் எத்தொழிலிலும் எழக்கூடிய வினா இது.

இதற்கு இருவகை விடை கூறுவர். ஒரு சாரார், கள்வனைக் காவலுக்கு வைப்பதா எனக் கேட்டு வாயிலை அடைப்பர். மற்றொரு சாரார், வால்மீகி முனிவர் முன்னர் வழிப்பறி செய்தவர் என்னுங் கர்ணபரம்பரைக் கதையை எடுத்துக்காட்டி, திருந்தியவனுக்கு எக்கதவுந் திறக்கவேண்டும் என்பர். முதற்சாரார் மனிதன் திருந்தக்கூடியவன் என்பதை மறந்தனர். இரண்டாஞ் சாரார் காவற்றொழிலின் இயல்பை மறந்தனர். வால்மீகிக்குக் கிடைத்தவை தவமும் எழுத்தாணியுமேயன்றி விலங்குந் துப்பாக்கியும் அல்ல. திருந்தியவனை மதிப்பது நம் அனைவர்க்குங் கடன். அவன் கையிலே பிறருடைய உடலையும் உரிமையையும் ஒப்படைப்பதோ ஆராய்ந்து செய்யவேண்டிய செயல்.

எனவே, இராணுவப் பொலிசார் யாவர், அவர் கையில் என்ன ஒப்படைக்கப்படுகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். இவர்கள் படைவீரருக்குள்ளே சட்டத்தைக் காப்போர். பிரித்தானியப் படையில் இவர்களைச் சிவப்புத் தொப்பியர் என அழைப்பர். அங்கே குதிரைப் பொலிஸ், காலாட் பொலிஸ் என இருந்த இரு பிரிவுகளும் 1926ஆம் ஆண்டில் ஒன்றாக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1946இல், அரச என்னும் அடைமொழி அப்பிரிவுக்கு வழங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்கப் படையில் இராணுவப் பொலிஸ் 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் நாள் நிலையான தனிப்பிரிவாயிற்று. முகாமின் வாயிலைக் காத்தல், படை வண்டிகளின் போக்கை ஒழுங்குசெய்தல், படையை விட்டு ஓடியவரைப் பிடித்தல், வீரரிடையே நிகழுங் களவையும் அடிதடியையும் விசாரித்தல், போர்க்கைதிகளைக் காவல்செய்தல், இராணுவ நீதிமன்றிற் சாட்சியமளித்தல் ஆகியன இவர்தம் பணிகள்.

இப்பணிகளைச் சுருக்கிக் கூறின், மூன்று பொருள்கள் இவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன எனலாம். முதலாவது ஆயுதம், இரண்டாவது கைதி, மூன்றாவது சாட்சிக்கூண்டு. சமையற்கூடத்திலோ, வண்டி திருத்துங் கூடத்திலோ பணிசெய்யும் வீரனுக்கும் ஆயுதம் உண்டு. ஆனால், தன்னுடன் பணிபுரியும் வீரனையே கைதுசெய்து, காவலில் வைத்து, அவனுக்கெதிராகச் சாட்சி கூறும் அதிகாரம் அவனுக்கில்லை. படையிற் சேர்வதற்குரிய தகுதியும் இராணுவப் பொலிசிற் சேர்வதற்குரிய தகுதியும் ஒன்றல்ல என்பதற்கு இவ்வேறுபாடே காரணம்.

பிரித்தானியச் சட்டம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1974ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் குற்றவாளிகளின் மறுவாழ்வுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. தண்டனை பெற்ற ஒருவன் குறித்த காலம்வரை வேறு குற்றஞ் செய்யாது வாழ்வானாயின், அவனது பழைய குற்றத்தீர்ப்பு கழிந்ததாகக் கொள்ளப்படும். பெரும்பாலான தொழில்களுக்கு விண்ணப்பிக்கும்போது அதனை அவன் கூறவேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் வளர்ந்தவர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட சாதாரண அபராதம் இன்று 12 மாதத்திற் கழிந்துவிடுகின்றது. இது மனிதத்தன்மை மிக்க சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அடுத்த ஆண்டே, அதாவது 1975இல், அச்சட்டத்துக்குப் புறநடை வகுக்கும் ஒரு கட்டளை பிறந்தது. கழிந்துபோன குற்றங்களைப் பற்றியும் வினவத்தக்க தொழில்களை அது நிரல்படுத்திற்று. அந்நிரலிலே பொலிஸ் உத்தியோகத்தரோடு கடற்படை, தரைப்படை, வான்படை ஆகியவற்றின் பொலிசாரும் இடம்பெற்றனர். பழைய குற்றத்தை மறக்கக் கற்ற அதே அரசு, அதனை மறக்கலாகாத இடம் இன்னதெனவும் ஓராண்டுக்குள்ளேயே வரையறுத்துவிட்டது. வினவுதல் வேறு, விலக்குதல் வேறு என்பதையும் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். கேட்டறிந்தபின் சேர்ப்பதற்கு அக்கட்டளை தடையன்று.

ஐக்கிய அமெரிக்காவின் சட்டமோ வேறு வழியாற் செல்கின்றது. பெருங்குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்ற எவரையும் படையிற் சேர்த்தலாகாது என விதித்து, அவ்விதியின் கீழேயே, தகுதியுடையோர் வகையில் படைத்துறைச் செயலாளர் விலக்களிக்கலாம் எனவுங் கூறுகின்றது. கதவைச் சாத்தி, திறவுகோலை மட்டும் ஒருவரிடங் கொடுத்துவைத்தது போன்றது இது. ஆயினும் அத்திறவுகோலாலுந் திறக்கவியலாத ஒரு பூட்டும் உண்டு. 1996ஆம் ஆண்டுத் திருத்தமொன்றின்படி, இல்லத்துள்ளே மனைவியையோ மக்களையோ தாக்கியமைக்காகத் தண்டனை பெற்றவர், அது சட்டத்தின் கண்ணிற் சிறுகுற்றமாகவே இருப்பினும், துப்பாக்கி வைத்திருத்தலாகாது. பொலிசாருக்கும் படைவீரருக்கும்கூட இதில் விதிவிலக்கில்லை. வங்கியைக் கொள்ளையிட்டவனுக்கு ஒருவேளை விலக்களிப்புக் கிடைக்கலாம். வீட்டிலே மெலியாரை அடித்தவனுக்குத் துப்பாக்கி கிடையாது. குற்றத்தின் பெருமை சிறுமையைமட்டும் நோக்காது, அதனை அவன் கையிற் கொடுக்கும் அதிகாரத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும் என்னும் உண்மை இங்கே வெளிப்படுகின்றது. எமது கருத்தும் இதுவே. ஆயுதம், கைதி, சாட்சிக்கூண்டு ஆகிய மூன்றையும் மூன்று துலாக்கோலாக நிறுத்தி, அவன் செய்த குற்றம் எக்கோலிலே தாழ்கின்றதென நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆயுதத்தைக் கண்டோம். சாட்சிக்கூண்டை அடுத்து நோக்குவோம். பொலிசாரின் விசாரணை எத்துணைத் திறமையாக நடப்பினும், அது ஈற்றில் நீதிமன்றின்முன் ஒருவர் கூறும் வாய்ச்சொல்லாகவே நிற்கும். அரசின் சாட்சியுடைய நம்பகத்தன்மையைக் குறைக்கவல்ல முக்கிய செய்தியை எதிரிக்கு அறிவியாது மறைத்தல் தகாது என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1972ஆம் ஆண்டில் ஜிக்லியோ என்பவரின் வழக்கிலே தீர்த்தது. அத்தத்துவம் பொலிசாரின் சாட்சியத்துக்கும் பொருந்தும். பொய்ச்சத்தியஞ் செய்தவனோ, கள்ளப் பத்திரந் தயாரித்தவனோ இராணுவப் பொலிசானால், அவன் விசாரிக்கும் ஒவ்வொரு வழக்கிலும் எதிரியின் சட்டத்தரணி அவனது பழைய பொய்யையே முதலில் எடுத்துக்காட்டுவார். அவன் இன்று உண்மையே கூறினும் அவ்வுண்மை எடுபடாது. உண்மையான குற்றவாளி தப்பிச் செல்வான். பதினெட்டு வயதிற் கைகலப்பிலே ஈடுபட்டவனுக்கு இவ்விடர் இல்லை. ஆதலால், கைகலப்பைக் காட்டிலும் கள்ளக் கையொப்பமே இத்தொழிலுக்குப் பெருந்தடை எனத் துணியலாம்.

இனி, கைதி. ஈராக்கிலுள்ள அபு கிரைப் சிறையில் 2003ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலே நடந்த கொடுமைகளை உலகம் மறக்கவில்லை. கைதிகளை நிர்வாணமாக்கி, அடுக்கி, அச்சுறுத்திப் படம் பிடித்தவர்களுள் முன்னின்றவர்கள் அமெரிக்கப் படையின் 372ஆவது இராணுவப் பொலிஸ் கம்பனியினர். அவர்களுள் தலைமையானவரெனக் கருதப்பட்ட சார்ள்ஸ் கிரேனர், தம் நாட்டிலே சிறைக்காவலராகப் பணிபுரிந்தவர். முன்னர் வேறொரு படைப்பிரிவிலுஞ் சேவைசெய்தவர். காவற்றொழிலுக்குத் தகுதியுடையவரென ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த அவருக்கே 2005 சனவரியில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே கம்பனியைச் சேர்ந்த ஜோசப் டார்பி என்னும் வீரர்தாம் 2004 சனவரியில் அப்படங்களை மேலிடத்திற் சேர்ப்பித்து அக்கொடுமையை வெளிப்படுத்தினார். அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டும் பத்திரம் எதுவும் வாயிலிலே இருந்திலது. கறையற்ற காகிதம் நல்லவனுக்குச் சான்றாகாது என்பதை இதனின் விளக்கமாகக் கூறவேண்டியதில்லை.

அவ்வாறாயின், கறைபடிந்த காகிதந்தான் தீயவனுக்குச் சான்றாகுமோ? 2018ஆம் ஆண்டில் ஜெனிபர் லண்ட்குவிஸ்ட், தேவா பேஜர், எரிக் ஸ்ட்ரேடர் ஆகிய சமூகவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. அவர்கள் 2002 முதல் 2009 வரை அமெரிக்கப் படைகளிற் சேர்ந்த ஏறக்குறைய 13 இலட்சம் பேரின் சேவைப் பதிவுகளை ஆராய்ந்தனர். பெருங்குற்றப் பதிவிருந்தும் விலக்களிப்புப் பெற்றுச் சேர்ந்தவர்கள், தீய காரணங்களுக்காகப் படையினின்று நீக்கப்படுவதில் ஏனையோரினும் மிக்கவர்களாக இருக்கவில்லை. பதவியுயர்வு பெறுவதில் முந்தியும் நின்றனர். அதே ஆய்வு, சட்டமீறல் காரணமாக விலக்கப்பட்டோர் அவர்களுட் சற்றுக் கூடுதல் எனவுங் கூறுகின்றது. இவ்விரண்டையும் நேர்மையாகச் சேர்த்துப் படித்தல் வேண்டும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்பட்டவர்களல்லர். குற்றத்தையும் அதன்பின் வாழ்ந்த வாழ்வையும் ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். பயன் தந்தது அவ்வாராய்ச்சியே.

ஆராய்ச்சி தளரும்போது நேருவது யாது? ஈராக் போர் நீண்டு, படைக்கு ஆள் கிடைப்பது அரிதான காலத்தில், அமெரிக்கத் தரைப்படை பெருங்குற்றத் தீர்ப்புடையோருக்கு வழங்கிய விலக்களிப்புகள் 2006ஆம் ஆண்டில் 249ஆக இருந்து, 2007ஆம் ஆண்டில் 511ஆக உயர்ந்தன. ஓராண்டுக்குள்ளே அந்நாட்டு இளைஞருட் திருந்தியோர் தொகை இருமடங்காயிற்று எனக் கொள்வார் எவருமிலர். ஸ்டீவன் கிரீன் என்பவர் சிறுகுற்றப் பதிவுகளுக்கு விலக்களிப்புப் பெற்று 2005இற் படையிற் சேர்ந்தார். அவர் இராணுவப் பொலிசைச் சேர்ந்தவரல்லர். 2006 மார்ச்சு மாதத்தில் ஈராக்கின் மஹ்மூதியாவிலே 14 வயதுச் சிறுமியொருத்தியும், அவளுடைய தாய் தந்தையருந் தங்கையும் கொல்லப்பட்ட கொடுஞ்செயலுக்காக 2009இல் அவர் ஆயுட்சிறை பெற்றார். ஒருவரைக்கொண்டு அனைவரையும் அளத்தல் முறையன்று என்பது உண்மையே. ஆயினும், ஆட்பற்றாக்குறையை இரக்கமென அழைத்தல் அதனினும் பெரும் முறைகேடு. பற்றாக்குறையாற் பிறக்கும் மன்னிப்பு, திருந்தியவனுக்கும் அவமதிப்பாகும். அவனுடைய முயற்சியை எவரும் நோக்கவில்லை, வெற்றிடத்தை நிரப்பினால் போதுமென எண்ணினர் என்பதே அதன் பொருள்.

குற்றவாளியையே காவலனாக்கிய நிகழ்ச்சி வரலாற்றிற் புதியதன்று. 1775இற் பிறந்த பிரான்சியரான விடொக் என்பார் பலமுறை சிறைபுகுந்து, பலமுறை தப்பியோடியவர். அவரே பின்னர், 1811, 1812ஆம் ஆண்டளவில், பாரிஸ் நகரத்தின் துப்பறியும் பொலிஸ் பிரிவை அமைத்து அதற்குத் தலைவருமானார். விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பெருநவீனத்தின் கதைத்தலைவனுக்கு அவருடைய வாழ்க்கையும் ஓர் ஊற்று என்பர். அந்நவீனத்தைச் சுத்தானந்த பாரதியார் ஏழை படும் பாடு எனத் தமிழிலே தந்தார். அதே பெயரில் 1950இல் வெளிவந்த படத்தில் ஜாவர் என்னும் பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் சீதாராமன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. குற்றவாளி என்றுங் குற்றவாளியே எனப் பிடிவாதமாய் நிற்கும் அந்த ஜாவர், ஹியூகோவின் நவீனத்தில், சிறைக்கூடத்திலே பிறந்தவன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தன் பிறப்பின் கறையைக் கழுவிக் காவலனான ஒருவனே, மற்றொருவன் கறையைக் கழுவக்கூடும் என நம்ப மறுக்கின்றான். நெஞ்சிலே இரக்கமற்ற காவலன் கறையற்றவனாயினும் ஆபத்தானவனே என்பதை இதனினும் நன்றாகக் காட்டும் பாத்திரம் அரிது.

நம் வள்ளுவனார் தெரிந்துதெளிதல் என ஓரதிகாரம் வகுத்து, அதனை அடுத்துத் தெரிந்துவினையாடல் என மற்றோரதிகாரம் வைத்தார். ஒருவனை ஆராய்ந்து நம்புதல் முதற்படி. அவனுக்கேற்ற வினையை ஆராய்ந்து ஒப்படைத்தல் அடுத்த படி. குறையேயில்லாதவனைத் தேடுக என அவர் கூறினாரல்லர்; நிறையையுங் குறையையும் எதிரெதிரே வைத்து எண்ணித் துணிய வேண்டும் என்பதே அவர் கருத்து. இவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இடையேதான் நம் வினாவின் விடை இருக்கின்றது. ஒருவன் நம்பத்தக்கவனாகலாம், ஆயினும் இந்த வினை அவனுக்குரியதாகாதிருக்கலாம். இராணுவப் பொலிசிலே இடமில்லையென்றால், மருத்துவப் பிரிவிலும் பொறியியற் பிரிவிலும் போக்குவரத்துப் பிரிவிலும் அவனுக்கு இடமிருக்கக்கூடும். ஒரு கதவு அடைபட்டதை வாழ்வே அடைபட்டதாகக் கொள்ளற்க.

ஆகவே, எமது துணிபைத் தொகுத்துரைப்போம். சிறுவயதின் துடுக்கால் நேர்ந்த பிழை, அதன்பின் ஆண்டுகள் பல நேர்மையாய்க் கழிந்திருப்பின், இராணுவப் பொலிசுக்கும் தடையாதல் கூடாது. மெலியாரை வருத்திய கொடுமை, அவன் கையிற் கைதியை ஒப்படைப்பதற்குத் தடையாதல் வேண்டும். நீதிமன்றை ஏமாற்றிய பொய், அவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவதற்குத் தடையாதல் வேண்டும். இம்மூன்றையும் ஒரே சொல்லால், பழைய குற்றவாளி என்னும் ஒரே முத்திரையால், மூடிவிடுதல் சோம்பலேயன்றி நீதியாகாது.

மாணவர்க்கு ஒரு சொல். விண்ணப்பப் படிவத்தில், முன்னர்த் தண்டனை பெற்றதுண்டோ என்னும் வினாவின் முன்னே பேனா தயங்கும். மறைத்துவிட்டாற் போயிற்று என உடனிருப்போர் கூறுவர்; சில வேளைகளில் ஆட்சேர்க்க வருவோரேயுங் கூறுவர். கேட்கலாகாதென அரசே கழித்துவிட்ட குற்றத்தைக் கூறவேண்டியதில்லை. அஃது உங்கள் உரிமை. ஆனால், சட்டப்படி கேட்கத்தக்க இடத்திற் கேட்டால், கூறுவதே கடன். பிரித்தானியாவில் இராணுவப் பொலிசு அத்தகைய இடம். அமெரிக்கத் தரைப்படையோ, நீதிமன்று முத்திரையிட்டு மூடிய இளமைக்காலப் பதிவையுங் கூறும்படி கேட்கின்றது. அங்கே, குற்றத்தை மறைத்துப் படையிற் சேர்ந்து சம்பளம் பெறுதல், மோசடியாற் சேர்தல் என்னும் தனிக்குற்றமாகும். எண்ணிப் பாருங்கள்: அவ்வாறு மறைத்தவன் அகப்படும்போது அவனை விசாரிக்க வருவோரும் இராணுவப் பொலிசாரே. பழைய குற்றத்துக்கு இளமை ஒரு சமாதானம். புதிய பொய்க்கு எச்சமாதானமும் இல்லை. ஆதலின், நீதிமன்றப் பத்திரங்களைப் பேணி வையுங்கள். நாளையும் தீர்ப்பையும் உள்ளவாறே எழுதுங்கள். அதன்பின் நீங்கள் செய்த நற்பணிக்குச் சான்றுகளை அதனோடு இணையுங்கள். ஆராய்வோருக்கு ஆராயும் பொருளை அளிப்பது விண்ணப்பிப்போன் கடமை.

ஆசிரியராகிய எமக்கும் ஒரு சொல் உண்டு. எல்லோருக்கும் ஒரே வாய்பாடாக ‘ஒழுக்கம் மிக நன்று’ என எழுதிக் கொடுப்பது அன்புபோலத் தோன்றும். ஆனால், அனைவருக்கும் ஒன்றாய் எழுதப்பட்ட பத்திரத்தை எவரும் நம்புவதில்லை. அதனால் இழப்புறுபவன் விழுந்து எழுந்த மாணவனே. அவன் எழுந்த வரலாற்றைக் கூறவல்ல சாட்சி நாமன்றி வேறு யார்? “ஒன்பதாம் வகுப்பிலே இன்ன பிழை செய்தான், ஒப்புக்கொண்டான், அதன்பின் மூன்றாண்டுகள் விளையாட்டுக்குழுவின் பணத்தை ஒரு சதமும் குறையாது கணக்குவைத்தான்” என எழுதும் ஆசிரியர், அம்மாணவனுக்கு ஆயிரம் புகழ்மொழிகளிலும் மேலான உதவி செய்தவராவர். பழைய மாணவராய்த் தொழில் வழங்கும் நிலையிலே உள்ளோரும், அத்தகைய பத்திரம் வரும்போது முதல் வரியோடு நின்றுவிடாது, கடைசி வரிவரை படிப்பாராக.

கல்லூரியின் ஆண்டுகளை எண்ணி மகிழும் இவ்வேளையில், இங்கே கற்றுச் சிறந்தோரின் பெயர்களை மலர்கள் ஏந்தி நிற்கும். நடுவழியிலே இடறியோரின் பெயர்களை எம்மலரும் ஏந்துவதில்லை. ஆயினும், அவர்களும் இவ்வகுப்பறைகளிலேதான் எழுத்தறிந்தனர். அவர்களுட் கேட்கத்தக்க இடத்திலே உண்மையைக் கூறி ஒரு வாயிலின்முன் நிற்பவன் எவனோ, அவனை ஆராயாது தள்ளுதலுந் தவறு. ஆராயாது கொள்ளுதலுந் தவறு.